முள் மேலே நிற்கும் நேரம்

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே புழுக்கம். வேன் பத்து நிமிடம் தாமதம். காரனோடைப் பாலத்தில் டிராஃபிக் என்றார் டிரைவர். பாலம் காலியாகக் கிடந்ததை ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். எங்கேயோ டீக்கு நிறுத்தியிருக்கிறார்.

இன்று: குட்டைக் குழாய் 18 சோதனை. குழாயைக் குளிரவைக்கும் சில்லரில் தண்ணீர் மாற்றியாச்சு. ரமணியிடம் என் டிபன் டப்பாவின் நீல மூடியைக் கேட்டேன். தெரியாது என்கிறாள். அவள் பையில்தான் இருக்கும்.

மதியம் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். பதினோரு வருஷத்தில் இது இரண்டாம் தரம். முதல் தரம் கொரோனாவில் ஆள் குறைத்தபோது. நல்லவேளை, விஷயம் என்னைப் பற்றியதில்லை. தேசிங்கைப் பற்றியது.

வாயு உருளை சீக்கிரம் தீர்கிறதாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவுதான் அது. வழக்கமாக ஒரு மாதம் வரும். இப்போது பன்னிரண்டு நாளில் காலி. வாயு நிரப்பும் அறையில் இருப்பது தேசிங்கு ஒருவன்தான். சாவியும் அவனிடம்தான். "கொஞ்சம் பாத்துக்கங்கம்மா, உங்க கண்ணுலேந்து எதுவும் தப்பாது" என்றார் மே. (மேனேஜர்). பெருமையாக இருந்தது. இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது.

இந்த நோட்டை வீட்டில் இவர் எடுத்துப் படிக்கிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. போன வாரம் தலையணைக்கு அடியில் தலைகீழாக இருந்தது. படிப்பதுதான் படிக்கிறார், புரிந்தாவது படிக்கட்டும். நாங்கள் செய்வது லேசர் குழாய். கண்ணாடிக் குழாய்க்குள் கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன், ஹீலியம் மூன்றும் கலந்த வாயு. தேசிங்கு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, வாயுவால் மூன்று தரம் கழுவி, கடைசியில் செய்முறை ஷீட்டில் போட்டிருக்கும் அழுத்தத்துக்கு நிரப்பி மூடுவான். குட்டைக் குழாய்க்கு அந்த அளவு 22. பிறகு குழாய் என் மேஜைக்கு வரும். கரண்ட் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாத ஒளி வரும். அது எவ்வளவு என்று மீட்டர் முள் காட்டும். அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவது நான். குழாய் போகும் இடம், மரப்பலகையில் பேர் பொறிக்கும் சின்ன மெஷின்கள்.

ஜூலை 15, செவ்வாய்

மழை வருகிற மாதிரி வந்து போய்விட்டது. காய்கிற துணியெல்லாம் ஆலைப் புகையின் கருந்தூள்.

தேசிங்கைக் கவனித்ததில்:

நிரப்பும்போது உள்பக்கம் தாழ்ப்பாள். முன்பெல்லாம் போட மாட்டான்.
அழுத்தம் காட்டும் மீட்டர் மேல் ஒரு பழைய தொப்பி. தூசு படாமல் இருக்கவாம்.
ரிஜிஸ்டரில் எண்ணை அன்றைக்கு அன்றே எழுதுவதில்லை. சாயந்திரம் உட்கார்ந்து பதினெட்டு வரியும் ஒரே மூச்சில். எல்லாம் 22. ஒரு 21 கிடையாது, ஒரு 23 கிடையாது.
சாப்பாட்டு நேரத்தில் ஃபோனில் எதையோ படிக்கிறான். கிட்டே போனால் கவிழ்த்து வைக்கிறான்.

பார்க்க சாதுவான பிள்ளை. முப்பது வயது இருக்கும், டிப்ளமோ. பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக் குப்பம். அப்பா இன்னும் ஏரியில் படகு விடுகிறார். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியவன். அவன் நிரப்பிய குழாய்கள் வாடிக்கையாளரிடம் போய்த் திரும்பி வந்ததற்காக. மூன்றாவது வந்தால் ஒப்பந்தம் காலி. அப்படி இருக்கிறவன் ஒழுங்காக இருக்க வேண்டாமா?

ரமணி எனக்குப் பக்கத்து மேஜை, பேக்கிங். அவளிடம் ஜாடையாகக் கேட்டேன். பொறி பறக்கிற மாதிரி பதில் வந்தது.

"அவன் மச்சான் பொன்னேரில பலூன் டெக்கரேஷன் பண்றான்க்கா. பொறந்தநாளு, காதுகுத்து எல்லாம். பலூன் மேல பறக்கறதுக்கு இன்னா ஊத்துவாங்க? ஹீலியம்தான?"

எனக்கு அங்கேயே எல்லாம் பொருந்திவிட்டது.

ஜூலை 16, புதன்

இன்றைய குழாய்கள் 20. எல்லாம் 8 வாட். முள் இப்போதெல்லாம் சமர்த்தாக நிற்கிறது. சில்லர் தண்ணீரை நேரத்துக்கு மாற்றுவதால். இதை யாரும் பாராட்டப்போவதில்லை.

என் முறை என்னவென்றால், குழாயைப் பூட்டிப் பத்து நிமிடம் விடுவேன். குழாய் சூடேறும்போது முள் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். மேலே வந்து நிற்கும்போது எழுதிவிட வேண்டும். இறங்கியிருந்தால் பொறுக்க வேண்டும். எனக்கு முன்னால் இந்த மேஜையில் இருந்தவர் சொல்லிக் கொடுத்தது. "கீழ இருக்கசொல்ல எழுதினா குழாயப் பழிச்ச மாதிரி" என்பார்.

சாயந்திரம் ஒரு காரியம் செய்தேன். தே. கை கழுவப் போனபோது நிரப்பும் அறைக்குள் நுழைந்து, உருளையின் மிச்ச வாயுவில் ஒரு பலூன் பிடித்தேன். (பலூன் எங்கிருந்து? எதிர்வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளில் மிச்சம்.) விட்டதும் நேராகக் கூரைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. இறக்க முடியவில்லை. துடைப்பக் கட்டையால் குத்தி உடைத்தேன். சத்தம் கேட்டு ரமணி ஓடி வந்தாள். பல்லி என்றேன். பல்லி எங்கே வெடிக்கும். அவள் நம்பினாளா தெரியாது.

ஆனால் கலவை பறக்கிறது. அது போதும்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. தெருமுனை அம்மன் கோயிலில் காலை ஐந்துக்கே மைக்செட். கூழ் வாங்க நேரமில்லை.

தே. அரை நாள் லீவு. குப்பத்தில் திருவிழாவாம். திருவிழாவா, டெக்கரேஷன் ஆர்டரா?

மே. மாற்றுச் சாவி கொடுத்தார். அவன் மேஜை இழுப்பறையில் ஒரு நோட்டு. அடுத்தவர் நோட்டைப் படிப்பது தப்புதான். ஆனால் திருடுவது அதைவிடப் பெரிய தப்பு. படித்தேன். எண்கள், எண்கள், எண்கள். நடுவில் இரண்டு படம் பென்சிலில். ஒன்று ஒடுக்கமான வளைவு, ஊசிக் கோபுரம் மாதிரி. இன்னொன்று அகலமான வளைவு, மண்டபத்து வாசல் மாதிரி. இரண்டுக்கும் அடியில் சீப்புப் பல் மாதிரி சமமான இடைவெளியில் கோடுகள். ஒடுக்கமானதன் மேல் 22 என்றும் அகலமானதன் மேல் 55 என்றும் எழுதியிருந்தான்.

ரமணியிடம் காட்டினேன். அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"பலூன் தோரணம்க்கா. கோடெல்லாம் குச்சி நடற எடம். இருவத்திரண்டு பலூன் வெச்சா சின்ன தோரணம், அம்பத்தஞ்சு வெச்சா பெரிய தோரணம்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஃபோனில் படம் எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 19, சனி

படத்தை மே.விடம் கொடுத்தாச்சு. நல்ல வேலை என்றார்.

அவர் மேஜையில் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய மரப்பலகைகள். மே மாதம் அனுப்பிய குழாய்களில் பொறித்தது. வீட்டு வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை. "ஜெயலட்சுமி இல்லம்" என்பதில் ஜெய ஆழமாக இருக்கிறது, நடுவில் லட்சு மட்டும் தேய்ந்து மங்கல், மறுபடி மி ஆழம். இப்படி ஏழு பலகை. வாயு கசிகிறது, நிரப்பியவன் சரியில்லை என்று சொன்னார் மே.

கசிந்தால் மங்கிக்கொண்டே போக வேண்டும் அல்லவா, எப்படித் திரும்ப ஆழமாகிறது என்று ஒரு நிமிடம் தோன்றியது. கேட்கவில்லை. வேன் கிளம்புகிற நேரம்.

இவரிடம் சொன்னேன். "உனக்கு இன்னாத்துக்கு இந்த வேல? அவன் பொயப்பாச்சே" என்றார். திருடனுக்குப் பரிந்து பேசுகிறார். இவருக்கும் பொன்னேரி மச்சானுக்கும் பழக்கம் உண்டோ.

ஜூலை 21, திங்கள்

முடிந்தது.

பத்தரை டீக்கு தே. வெளியே போனதும் மே. என்னையும் கூட்டிக்கொண்டு நிரப்பும் அறைக்குள் போனார். ஸ்டாண்டில் ஒரு குழாய் நிரப்பி வைத்திருந்தது, இன்னும் மூடவில்லை. மே. தொப்பியைத் தூக்கினார். மீட்டரில் 55. ரிஜிஸ்டரை எடுத்தோம். சனிக்கிழமை வரை எல்லாம் 22.

அவன் டம்ளரோடு திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டான். மே. சத்தம் போடவில்லை. இது என்ன என்று மட்டும் கேட்டார்.

"சார், குழா ஆடுது சார். ஆடக்கூடாதுன்னுதான் ஜாஸ்தி வெச்சேன். போன வருசமே உங்களாண்ட சொன்னேன், ஷீட்ட மாத்தக்கூடாதுன்னுட்டீங்க."

"ஆடுதா? டெஸ்ட் ரிஜிஸ்டர்ல ஒரு குழாய்கூட ஆடினதா இல்லையே. எல்லாம் எட்டு வாட். செல்வியம்மா கையெழுத்து இருக்கு."

தே. என்னைப் பார்த்தான். கோபமாக இல்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்த மாதிரி. நான் பேனா மூடியைத் தேடினேன்.

முள் ஏறி இறங்கும், நிஜம்தான். எல்லாக் குழாய்க்கும் உண்டு. அதற்குப் பெயர் சூடேறுவது. ஆடுவது இல்லை.

பலூன் பற்றியும் கேட்டார் மே. தே.க்கு முதலில் புரியவேயில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் அவனுக்கு எமனாகிவிட்டது. ரிஜிஸ்டரில் பொய் எழுதியதற்கு மூன்றாவது மெமோ, மதியத்தோடு ஒப்பந்தம் ரத்து, அனுபவச் சான்றிதழ் கிடையாது. நிரப்பிய குழாய்கள் பதினெட்டும் சாட்சியாக அலமாரியில். போகும்போது என்னிடமும் ரமணியிடமும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாயந்திரம் நல்ல மழை.

ஜூலை 22, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. ஒரு கணக்கு மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. போட்டுப் பார்த்தேன்.

உருளை ஒரு லிட்டர். அழுத்தம் நூறு மடங்கு. திறந்துவிட்டால் நூறு லிட்டர் வாயு. ஒரு பலூனுக்குப் பன்னிரண்டு லிட்டராவது வேண்டும்.

எட்டு பலூன்.

மறுபடி போட்டேன். எட்டுதான்.

பன்னிரண்டு நாளைக்கு ஒருதரம் எட்டு பலூனுக்காக எவன் வேலையைப் பணயம் வைப்பான்? எட்டு பலூனில் எந்தத் தோரணம் கட்ட முடியும்? ஆனால் 22க்கு பதில் 55 நிரப்பினால், மூன்று கழுவலும் அதே அளவு என்றால், இரண்டரை மடங்கு செலவு. ஒரு மாத உருளை பன்னிரண்டு நாளில் தீரும். அச்சாக அவ்வளவுதான். ஒரு பலூன் அளவுகூடக் குறையவில்லை.

அப்படியானால் திருட்டு இல்லை. இதை நான் புதன்கிழமை பலூன் பிடிப்பதற்கு முன்னால் போட்டிருக்கலாம். எட்டாவது படிக்கிற பிள்ளை போடும் கணக்கு.

ரமணி மூடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். என் பையின் பக்கவாட்டு ஜிப்பில் இருந்ததாம். அவளே வைத்திருப்பாள்.

ஜூலை 24, வியாழன்

திருட்டு இல்லையென்றால் வேறு என்ன? சும்மா ஒருவன் இவ்வளவு ஒளித்து மறைத்து எதற்குச் செய்வான்? விட மனசில்லை.

மே. இன்று திருவள்ளூர், கலெக்டர் ஆபீஸில் ஏதோ மீட்டிங். அலமாரி திறந்துதான் இருந்தது. தேசிங்கின் 55 குழாய் ஒன்றை எடுத்தேன். மே மாதத்துப் பழைய 22 குழாய் ஒன்றையும் எடுத்தேன். முள்ளை நம்பவில்லை. மூலையில் அட்டைப்பெட்டியோடு கிடந்த பதிவு மெஷினை மாட்டினேன். வாங்கி மூன்று வருஷம், யாரும் பிரித்ததில்லை. ஒவ்வொரு நொடியும் ஒளியின் அளவைக் கோடாகப் போட்டுக்கொண்டே போகும். ஒவ்வொரு குழாயையும் இரண்டு மணி நேரம் ஓட்டினேன்.

22 குழாய்: கோடு அலை அலையாக. 8, 5, 3, 6, 8, 4, 3, 8. தண்ணீர் நாலு டிகிரி சூடேறுவதற்குள் ஒரு முழு அலை. இரண்டு மணி நேரமும் நிற்கவேயில்லை.

55 குழாய்: ஆரம்பத்தில் கொஞ்சம் நடுக்கம். பிறகு ஒரே கோடு. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிட மறந்துவிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

இன்று வேலையில் மனசில்லை. பழைய ரிஜிஸ்டர்களை எடுத்துப் புரட்டினேன். 8. 8. 8. 7.9. 8. இரண்டு வருஷம், பக்கம் பக்கமாக என் கையெழுத்து. அந்த எட்டு பொய் இல்லை. முள் எட்டில் நின்றதுதான். மூன்றில் நின்றதையும் பார்த்தேன், காத்திருந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

வாடிக்கையாளர் மங்கல் என்று திருப்பி அனுப்புவார். மே. என் ரிஜிஸ்டரைப் பார்ப்பார். இங்கிருந்து போகும்போது எட்டு, ஆடவேயில்லை. அப்படியானால் பிறகு கசிந்திருக்கிறது. நிரப்பியவன் தப்பு. மெமோ. இப்படி இரண்டு தரம்.

நான் கீழே நின்றதையும் எழுதியிருந்தால் ஒரு மெமோகூட வந்திருக்காது. அவன் தாழ்ப்பாள் போட்டிருக்க வேண்டாம். தொப்பி கவிழ்த்திருக்க வேண்டாம்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வராமலே இருந்திருக்கலாம். குட்டைக் குழாய் செய்ய ஆரம்பித்தபோது அதற்கென்று ஷீட் தயாரிக்கவில்லை. நெட்டைக் குழாயின் ஷீட்டில் பேரை மட்டும் வெள்ளைக் காகிதம் ஒட்டி மாற்றி நகல் எடுத்தோம். 22 நெட்டைக் குழாயின் அளவு. ஜெராக்ஸ் எடுத்தது நான்தான்.

ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். இந்த மேஜையை விட்டுவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

வெயில். தெருவில் கூழ் ஊற்றினார்கள். ஒரு சொம்பு வாங்கி வைத்தேன், குடிக்கவில்லை.

காலையிலிருந்து ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்குத் தேசிங்கைக் கூப்பிட்டேன். எடுக்க மாட்டான் என்று நினைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். பின்னால் காற்று, தண்ணீர்ச் சத்தம். அப்பாவோட படகுல போய்க்கினு கீறேன்க்கா என்றான். நான் இரண்டு குழாயையும் ஓட்டிப் பார்த்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவனுக்கு வேண்டியது அது இல்லை.

"அம்பத்தஞ்சு ஆடுச்சாக்கா?"

"ஆடல. ரெண்டு மணி நேரம் ஓட்டினேன். ஒரே கோடு."

சந்தோஷமாகத்தான் பேசினான். தன் மேஜையில் இருந்த சோதனை மீட்டர் பழசு, பத்து நிமிடத்துக்கு மேல் பார்த்ததேயில்லை, அதனால் உறுதியாகத் தெரியாமல்தான் இருந்தது என்றான். ஏன் ஆடவில்லை என்று கேட்டேன். அவன் சொன்னதை மறப்பதற்குள் எழுதுகிறேன்.

"வாயு கம்மியா இருந்தா ஒவ்வொரு மூலக்கூறும் தனியா கீது. அது குடுக்கற வெளிச்சம் ஒரே நெறம், மெல்லிசா கோடு மாதிரி. ஜாஸ்தி வாயு போட்டா ஒண்ணோட ஒண்ணு மோதிக்கும். மோதமோத அந்தக் கோடு ரெண்டு பக்கமும் அகலமாவும். அவ்ளோதான்க்கா."

ஷேர் ஆட்டோவில் ஃபோன் பேசுகிற மாதிரி என்று புரிந்துகொண்டேன். ஒவ்வொரு இடிக்கும் பேச்சு அறுந்து மறுபடி ஆரம்பிக்கும். நிம்மதியாக ஒரே சுருதியில் பேச முடியாது, சுருதி பரவிவிடும். ஒளிக்கும் அப்படி.

மிச்சமும் கேட்டு வாங்கினேன். எந்த நிறத்தை வளர்த்துவிடுவது என்று குழாயின் நீளம் முடிவு செய்கிறது. அதற்குப் பிடித்த நிறங்கள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிற்கும். குழாய் சூடாகி ஒரு மயிரிழை நீண்டால் சீப்பு முழுவதும் நகரும். நெட்டைக் குழாய்க்குப் பற்கள் நெருக்கம். ஒன்று போனால் இன்னொன்று கோட்டுக்குள் வந்துவிடும். அதனால் 22 போதும். குட்டைக் குழாய்க்குப் பற்கள் தூரம் தூரமாக. ஒரு பல் வெளியே போய், அடுத்தது வருவதற்குள் ஒளி படுத்துவிடும். கோட்டை அகலமாக்கினால் எப்போதும் ஒரு பல் உள்ளே இருக்கும். எழுபது வைத்துப் பார்த்தானாம், குழாய் பற்றிக்கொள்ளவேயில்லை. அதனால் 55.

நோட்டில் அவன் இதைத்தான் வரைந்திருக்கிறான், அந்தப் படத்தைத்தான் நான் தோரணம் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைச் சொன்னேன். சிரித்தான்.

"வுடுக்கா. நானும் பொய்தான எழுதினேன்."

ஒரே ஒரு விஷயம் கேட்டான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் நாலாம் தேதி சேர வேண்டும். அனுபவச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். நாலு வருஷம் வேலை செய்ததற்கு ஒரு தாள். அது கிடைக்காவிட்டால் படகுதான். மே.விடம் நான் சொன்னால் கேட்பார் என்றான். சொல்கிறேன் என்றேன். உண்மையெல்லாம் சொல்கிறேன், ஷீட்டையே உன் பேரில் மாற்றச் சொல்கிறேன் என்றேன். அவன் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

ஜூலை 28, திங்கள்

கோடு போட்ட தாள்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே மே. அறைக்குப் போனேன். கதவை நானே சாத்தினேன்.

எல்லாம் சொன்னேன். முள், மேலே நிற்கும் நேரம், ஜெராக்ஸ், எட்டு பலூன் கணக்கு. சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. எனக்கு அப்போதே சரியாகப் படவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாடிக்கையாளருக்கு இன்றே ஃபோன் என்றார்.

தேசிங்கைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றேன். முடியாது என்றார். ரிஜிஸ்டரில் பொய் எழுதியவனை எடுத்தால் நாளைக்கு ஆடிட்டில் யார் பதில் சொல்வது?

"நானுந்தான் சார் பொய் எழுதினேன். ரெண்டு வருஷமா."

"நீங்க எழுதினது உச்சம்மா. அது நம்ம முறை. அவன் எழுதினதுதான் பொய்."

சான்றிதழ் கேட்டேன். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று பதினோரு வருஷத்தில் எனக்குத் தெரியும். என்னவோ விலை வைத்திருக்கிறார்.

ஜூலை 29, செவ்வாய்

இன்று முதல் என் ரிஜிஸ்டரில் இரண்டு எண். மேலே, கீழே. பன்னிரண்டு குழாய். பழைய அளவில் நிரப்பியதெல்லாம் 8/3, 8/4. எழுதும்போது யாரோ பின்னால் நின்று பார்க்கிற மாதிரி இருந்தது. யாரும் இல்லை.

ரமணி கேட்டாள், தேசிங்கு நிஜமாகத் திருடவில்லையா என்று. இல்லை என்றேன். "நான் அப்பவே நெனச்சேன்" என்கிறாள். தோரணம் என்று சொன்ன வாய். ஆனால் படம் எடுத்த கை என்னுடையது.

ஜூலை 31, வியாழன்

புது ஷீட் வந்தது. குட்டைக் குழாய், நிரப்பும் அழுத்தம் 55. சோதனை இரண்டு மணி நேரம், உச்சமும் தாழ்வும் பதிவு செய்யவும். எல்லாம் சரி. கீழே ஒரு கட்டம். தயாரித்தவர். காலியாக இருந்தது.

பேனாவை எடுத்து தேசிங்கு பேரை எழுதிக் கொடுத்தேன்.

ஒரு மணி நேரத்தில் வேறு ஷீட் வந்தது. தயாரித்தவர் கட்டத்தில் என் பேர், டைப் செய்து. மே.யே கொண்டுவந்தார். இன்னொரு கையில் ஒரு கவர், ஒட்டாதது. பிரித்துக் காட்டினார். தேசிங்கின் அனுபவச் சான்றிதழ், நாலு வருஷம், நடத்தை நன்று. முத்திரை எல்லாம் இருந்தது. அவர் கையெழுத்து மட்டும் இல்லை.

"வேலய விட்டு அனுப்பினவன் பேர வாடிக்கையாளருக்கு அனுப்ப முடியுமா, நீங்களே சொல்லுங்க. நீங்க இதுல போடுங்க, நான் அதுல போடறேன்."

நிரப்பும் அறைப் பொறுப்பும் எனக்கே என்றார். அவனுக்கு நல்லது, உங்களுக்கும் நல்லது என்றார். யாருக்கு நல்லது என்று எனக்குத் தெரியாதா. போன வருஷமே அவன் சொல்லி மே. தட்டிக்கழித்தது வெளியே வராது.

போட்டேன். அவரும் போட்டார்.

எனக்குள்ளேயே ஒரு கேள்வி. கவர் இல்லாமல் வெறும் ஷீட்டை மட்டும் நீட்டியிருந்தால் போட்டிருக்க மாட்டேனா? அறைச் சாவியை வாங்கும்போது கை எவ்வளவு வேகமாக நீண்டது என்று நான்தானே பார்த்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலை மேகமூட்டம். சான்றிதழைக் கூரியரில் அனுப்பியாச்சு. படம் எடுத்து ஃபோனிலும் அனுப்பினேன்.

வேனில் வரும்போது தேசிங்கு கூப்பிட்டான். ரொம்ப சந்தோஷம்க்கா, அம்மா அழுதுடுச்சு என்றான். திங்கட்கிழமை சேருகிறானாம். ஷீட்டில் 55 போட்டார்களா என்று கேட்டான். போட்டார்கள் என்றேன்.

"யார் பேருக்கா போட்டாங்க?"

கவரைப்பேட்டை தாண்டிக்கொண்டிருந்தோம். சிக்னல் விட்டு விட்டு வருது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். சிக்னல் முழுதாக இருந்தது.